பன்னிரண்டு வோல்ற்றின் மேல் விழுந்த பழி

கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போன் சாமான் விற்கும் கடைகளின் முகப்பில் இரண்டு வகைச் சார்ஜர்கள் தொங்கும். ஒன்று சுவரில் குத்துவது. மற்றது, வாகனத்தில் சிகரெட் பற்றவைப்பதற்கென்று வைத்த குழிக்குள் செருகுவது. இரண்டாவதைக் கையில் எடுத்து, "நானா, இது ஸ்பீடா ஏறுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நேர்மையானவர் என்றால், "வாகனத்துல பன்னிரண்டுதானே தம்பி வருது. வூட்டுல இருநூத்தி முப்பது. அந்த மாதிரி ஏறாது" என்பார்.

நேர்மை சரி, கணக்குத்தான் பிழை. வாகனத்தில் போன் மெதுவாக ஏறுகிறது என்பது பலரும் கண்ட உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைப் பன்னிரண்டு வோல்ற்றின் தலையில் கட்டுவது அநியாயம். சொல்லப்போனால், போனுக்கு மின் கொடுக்கும் வேலைக்கு 230ஐ விட 12தான் வசதி.

போனுக்குள் இருக்கும் லிதியம் பற்றரி சராசரியாக 3.85 வோல்ற்றளவில் இருப்பது. முழுதாக நிரம்பும்போதும் 4.4 அளவில்தான் நிற்கும். அதற்கு 230 எந்தக் காலத்திலும் போய்ச் சேர்வதில்லை. சுவரில் குத்தும் சார்ஜர் என்ன செய்கிறது? ஒரு செக்கனுக்கு 100 தடவை திசை மாறும் 230 வோல்ற்றை முதலில் ஒரே திசைக்குத் திருப்புகிறது. அப்போது உச்சத்தில் 325 வோல்ற்று வரும். அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, விரல் நுனி அளவான ஒரு மின்மாற்றிக்குள் செலுத்தி, மறுபக்கத்தில் 5 அல்லது 9 வோல்ற்றாக எடுக்கிறது. அந்த மின்மாற்றிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சுவர் மின்சாரமும் உங்கள் கையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பது அதுதான். சுவர்ச் சார்ஜரில் மலிவு தேடுகிறவர்கள் உண்மையில் அந்தப் பிரிப்பில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள்.

வாகனச் சார்ஜருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கார் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்று, எஞ்சின் ஓடும்போது 14 அளவில் நிற்கும். ஏற்கெனவே ஒரே திசையில் ஓடும் மின்சாரம். கை பட்டாலும் ஆபத்தில்லாத அளவு. ஒரு ஆளி, ஒரு கம்பிச் சுருள், ஒரு டயோட், ஒரு கொள்ளளவி இருந்தால் 14ஐ 5 ஆக்கிவிடலாம்.

சரி, அளவு போதாதோ? வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் வருவது வலு. அதன் அலகு வாற்று. சிகரெட் குழியின் பியூஸ் குறைந்தது 10 அம்பியராவது இருக்கும். 12ஐப் பத்தால் பெருக்கினால் 120 வாற்று. போன் கேட்பது 10, 15, 25 வாற்று. வாகனம் ஒரு மடிக்கணினியையே தாங்கும். 13 அம்பியர் சுவர்ப் பிளக்கில் 3,000 வாற்றுக்கு அண்மித்த வலு கிடைக்கும் என்பது உண்மைதான். கேற்றிலுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் அது தேவை. போனுக்கு அதில் நூற்றில் ஒரு பங்கும் வேண்டாம்.

அந்தக் குழிக்கு வலு வந்ததே வேறு காரணத்துக்காக. 1920களில் கார்களுக்கு வந்த சிகரெட் பற்றவைக்கும் கருவி ஒரு கம்பிச் சுருளைச் சில செக்கன்களில் சிவக்க வைக்க வேண்டும். அதற்கு நல்ல தடித்த வயர் இழுத்தார்கள். சிகரெட் போய்விட்டது, குழி நின்றுவிட்டது. ஆனால் சூட்டுச் சுருளுக்காகச் செய்த குழி நீண்ட நேரம் ஒரு செருகியை இறுக்கிப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் பன்னிரண்டு வோல்ற்றின் பெறுமதி 2022இல் இலங்கைக்குத் தெரிந்தது. அந்த மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். அந்தக் கியூஆர் பலருக்குப் போனுக்குள்தான் இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை, பெற்றோல் வாங்கப் போன் வேண்டும், போனை ஏற்ற வாகனம் வேண்டும். நிறுத்தி வைத்த ஒரு சிறிய காரின் பற்றரி 35 அம்பியர்-மணி என்று வைப்போம். 12ஆல் பெருக்கினால் 420 வாற்று-மணி. 5,000 மில்லியம்பியர்-மணி போன் ஒன்றில் 19 வாற்று-மணி அடங்கும். வழியில் சூடாகப் போவதையும் சேர்த்தால் 25. எஞ்சினைத் தட்டாமலே ஐந்தாறு போன்களை நிரப்பி, மறுநாள் காரையும் கிளப்பலாம். அதற்கு மேல் போனால் ஈய-அமிலப் பற்றரிக்குக் கேடு.

ஆக வலு இருக்கிறது. எங்கே தடுக்கப்படுகிறது?

முதல் தடை சார்ஜருக்குள். மிக மலிவான வாகனச் சார்ஜர்களைக் கழற்றிப் பார்த்தால் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சில்லு அடிக்கடி தட்டுப்படும்: எம்.சி.34063. பழைய, மிக மலிவான, எல்லோரும் நகலெடுத்த சில்லு. அதன் உள் ஆளி உச்சமாக 1.5 அம்பியர்தான் தாங்கும். அது ஒரு கணத்துக்கான உச்சம். சராசரியாக வெளியே எடுக்கக் கூடியது அதில் பாதி. தயாரிப்பாளர் ஏட்டிலுள்ள மாதிரிச் சுற்றே 5 வோல்ற்றில் 500 மில்லியம்பியர்தான் தருகிறது. அதாவது 2.5 வாற்று. மேல் உறையில் 2.1ஏ என்று அச்சடிப்பதற்குச் செலவில்லை. பெரிய லொறி நிறையச் சாமான் வந்தாலும் குறுக்குத் தெருவுக்குள் சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமைமார் தள்ளும் வண்டியின் வேகத்தில்தான் அது கடைக்குப் போய்ச் சேரும். இந்தச் சில்லு அந்தத் தள்ளுவண்டி.

மலிவுச் சார்ஜரைக் கண்டுபிடிக்க ஒரு இலவசச் சோதனை உண்டு. வாகன ரேடியோவில் எப்.எம். நிலையம் ஒன்றை வைத்துவிட்டுச் சார்ஜரைச் செருகுங்கள். பாட்டுக்குள் இரைச்சல் புகுந்தால், செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுவதால் எழும் அலைகளை அடக்க வேண்டிய பாகங்களை உள்ளே போடாமல் விட்டிருக்கிறார்கள். அவற்றை விட்டவர் வேறெதையும் விட்டிருக்கக் கூடும்.

ஆனால் நல்ல சார்ஜரிலும் மெதுவாக ஏறுவதுண்டு. இந்த விஷயத்தின் சுவையான பகுதி அதுதான்: சார்ஜர் போனுக்குள் மின்சாரத்தைத் தள்ளுவதில்லை. எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிப்பது போன். எதிரே இருப்பது யார், எவ்வளவு தாங்குவார் என்று தெரியாவிட்டால் அது மிகச் சிறிய அளவையே எடுக்கும்.

யூ.எஸ்.பி. விதி 1996இல் வெளிவந்தபோது அதன் நோக்கம் கணினியோடு மவுசையும் அச்சியந்திரத்தையும் இணைப்பது. 5 வோல்ற்று, கூடியது அரை அம்பியர். அது போதுமாக இருந்தது. பிறகு உலகம் முழுவதும் அதே துளையில் போனைச் செருகத் தொடங்கியது. போன் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி: இது கணினியா, சார்ஜரா? கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு வயர், தகவலுக்கு இரண்டு வயர். போன் ஒரு தகவல் வயரில் 0.6 வோல்ற்றளவு வைத்து மற்றதைப் பார்க்கிறது. அதே அழுத்தம் அங்கே திரும்பி வந்தால், எதிரே இரண்டு வயரும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. அப்படி முடிச்சுப் போட்டிருப்பது சார்ஜர் மட்டுமே. 2010இல் முடிவான விதிப்படி அப்போது போன் 1.5 அம்பியர் வரை எடுக்கலாம். அப்பிள் வேறு வழி பிடித்தது. அதன் சார்ஜர்கள் ஒரு தகவல் வயரில் 2.0, மற்றதில் 2.7 வோல்ற்று வைத்துத் தம்மை அறிவிக்கும். இரண்டையும் இடம் மாற்றினால் கூடுதல் அம்பியர் என்று பொருள். இந்த வழக்கத்தை அறியாத சார்ஜரில் பழைய ஐபோன்கள் அரை அம்பியரோடு நின்றுவிடும்.

பிறகு வந்தது வோல்ற்றை உயர்த்தும் வித்தை. குவால்கொம் நிறுவனத்தின் குயிக் சார்ஜ் இரண்டாம் பதிப்பில், போன் ஒரு தகவல் வயரில் 3.3, மற்றதில் 0.6 வோல்ற்று வைத்தால் "எனக்கு 9 தா" என்று அர்த்தம். ஒப்போ 2014இல் நேர் எதிர்த்திசையில் போனது: வோல்ற்று அதே 5, அம்பியர் 4க்கு மேல். அதற்கெனத் தனிச் சார்ஜர், தனித் தடித்த கேபிள். டைப்-சி துளை வந்தபின் பவர் டெலிவரி என்ற பொதுமுறை பரவியது. அதில் சார்ஜர் தன்னால் முடிந்தவற்றைப் பட்டியலாக அனுப்பும். போன் ஒன்றைத் தெரிந்தெடுக்கும். சாம்சங்கின் 25 வாற்று வேகம் வர, அந்தப் பட்டியலில் 20 மில்லிவோல்ற்றுப் படிகளாக ஏறி இறங்கும் ஒரு கூடுதல் வசதியும் இருக்க வேண்டும். அது இல்லாத சார்ஜரில், எவ்வளவு பெரிய வாற்று அச்சடித்திருந்தாலும், போன் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும்.

பெட்டியோடு வந்த சுவர்ச் சார்ஜர் அந்தப் போனின் தயாரிப்பாளரே செய்தது. இருவருக்கும் பாஷை ஒன்று. வாகனச் சார்ஜரோ வேறொருவர் செய்தது, எல்லாப் போனுக்கும் பொதுவாக. ஒப்போ போன் வைத்திருப்பவர் சாதாரண வாகனச் சார்ஜரில் செருகினால் போன் 5 வோல்ற்று, இரண்டு அம்பியர் என்ற அளவுக்குத் திரும்பும். சுவரில் அரை மணியில் ஏறியது இங்கே இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் "பன்னிரண்டு வோல்ற்று போதாது" என்கிறார்கள்.

சிலர் சார்ஜரே வாங்குவதில்லை. காரின் ரேடியோவில் இருக்கும் யூ.எஸ்.பி. துளையிலேயே செருகிவிடுவார்கள். கொழும்பில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. ஐந்து வருடம் புதிய கார் வராத ஊரில் ஓடுவது பெரும்பாலும் அதற்கு முந்திய கார்கள், அவற்றிலும் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை ஏராளம். ஜப்பானிய எழுத்தில் மட்டுமே மெனு காட்டும் அந்த ரேடியோக்களின் யூ.எஸ்.பி. துளை பாட்டுக் கேட்பதற்கானது. பென் டிரைவ் ஒன்றை ஓட்ட அரை அம்பியர் தாராளம். அதே துளையில் போனைச் செருகினால் ரேடியோ ஒரு கணினியைப் போலவே பேசும். போனும் கணினியிடம் எடுக்கும் அளவையே எடுக்கும். 2.5 வாற்று. 5,000 மில்லியம்பியர்-மணி போன் ஒன்றை அதில் நிரப்ப ஒன்பது மணித்தியாலம் ஆகும், அதுவும் போனைத் தொடாமல் இருந்தால். இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் சிகரெட் குழியில் 120 வாற்று சும்மா கிடக்கிறது.

கேபிளை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. சார்ஜரை இரண்டு தடவை மாற்றுவார்கள், கேபிள் அதேதான். மெல்லிய கேபிளில் மின்சார வயரின் செம்பு 0.32 மில்லிமீற்றர் விட்டம். ஒரு மீற்றருக்கு 0.21 ஓம் தடை. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு வயர் இருப்பதால் ஒரு மீற்றர் கேபிளில் 0.43 ஓம். இரண்டு அம்பியர் போனால் 0.85 வோல்ற்று வழியிலேயே போய்விடும். சார்ஜரில் 5 இருந்தால் போனின் வாசலில் 4.15. பற்றரியே 4 வோல்ற்றுக்கு மேல் இருக்கும்போது இதை வைத்து என்ன செய்வது? வாசலில் அழுத்தம் ஏறத்தாழ 4.5க்குக் கீழே சரிவதைக் கண்டால் போன் தானாகவே அம்பியரைக் குறைத்துவிடும். இந்தக் கேபிளில் அது 1.2 அம்பியர் அளவில் நிற்கும். பின் ஆசனத்துக்கு எட்டவேண்டும் என்று இரண்டு மீற்றர் கேபிள் வாங்கியிருந்தால் 0.6 அம்பியர். சார்ஜர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. வாகனத்தில் நாம் நீளக் கேபிள் தேடுகிறோம், கதவில் நசுக்குகிறோம், ஆசனத்துக்கு அடியில் மிதிக்கிறோம். வீட்டுக் கேபிளுக்கு இந்த வாழ்க்கை இல்லை.

கேபிளின் உறையை வெளிச்சத்தில் பிடித்தால் பொடி எழுத்தில் 28ஏ.டபிள்யூ.ஜி., 24ஏ.டபிள்யூ.ஜி. என்று இருக்கும். முதல் எண் தகவல் வயருக்கு, இரண்டாவது மின்சார வயருக்கு. எண் சிறுத்தால் வயர் தடிப்பு. இரண்டாவது எண் 24 என்றால் விட்டம் அரை மில்லிமீற்றர், தடை மேலே சொன்னதில் ஐந்தில் இரண்டு பங்கு. இரண்டும் 28 என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

9 வோல்ற்றுக்கு ஏன் போனார்கள் என்பதும் இங்கேதான் விளங்கும். அதே 10 வாற்றை 9 வோல்ற்றில் அனுப்பினால் 1.1 அம்பியர் போதும். அதே மெல்லிய கேபிளில் சூடாகப் போவது 1.7 வாற்றிலிருந்து அரை வாற்றுக்கு இறங்குகிறது. அம்பியர் பாதியானால் இழப்பு காலாகும். மத்திய மலைநாட்டில் பிறக்கும் நீர்மின்சாரத்தை 132,000 வோல்ற்றுக்கு உயர்த்திக் கொழும்புக்கு இழுத்து வருவதும் இதே கணக்கின் பேரில்தான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கையின் நீர்மின் வளம் பற்றிக் கட்டுரை வாசித்தார். லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்க 1950 ஆனது. அந்த மலைக் கோபுரங்களின் கம்பிக்கும் உங்கள் காரின் கேபிளுக்கும் விதி ஒன்றுதான்.

இதுவரை சொன்ன அனைத்தும் சரியாக இருந்தும் ஒருவருக்கு ஏறவில்லை என்றால், அவர் பெரும்பாலும் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவராக இருப்பார். 2015இல் வாடகை வாகனச் செயலிகளான பிக்மீயும் ஊபரும் கொழும்புக்கு வந்த பிறகு கைப்பிடிக்கு மேலே தாங்கியில் நிற்கும் போன் அவருடைய தொழிற்கருவி. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை எட்டு, ஒன்பது கிலோமீற்றர். நெரிசலில் ஒரு மணித்தியாலம்கூட ஆகலாம். அந்த நேரம் முழுதும் வெயிலில் தெரிவதற்காகத் திரை உச்ச வெளிச்சத்தில். ஜி.பி.எஸ். ஓடுகிறது. தரவு ஓடுகிறது. மூன்று வாற்றளவு அங்கேயே செலவு. உள்ளே வருவது 2.5 வாற்று என்றால், சார்ஜர் குத்தியிருக்கும்போதே வீதம் இறங்கும். பத்து வாற்று வந்தாலும் பற்றரிக்குப் போவது ஏழுதான். வீட்டில் இரவில் செருகிய போன் திரை அணைந்து தூங்குகிறது, வருவதெல்லாம் பற்றரிக்கே. இரண்டையும் ஒப்பிட்டுச் சார்ஜரைக் குறை சொல்வது நியாயமில்லை.

வெயில் இன்னொரு பக்கம். லிதியம் பற்றரி 45 பாகை செல்சியசை நெருங்கினால் போன் ஏற்றும் வேகத்தைக் குறைக்கும். இன்னும் சூடேறினால் நிறுத்தியே விடும். கொழும்பில் நிழலிலேயே பகலில் 30, 31 பாகை. முன்கண்ணாடிக்குப் பின்னால் நேர் வெயிலில், ஓடிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கும் போன் 45ஐ எட்ட அதிக நேரம் வேண்டாம். இது பழுதல்ல, பாதுகாப்பு. போனைச் சற்றுத் தாழ்த்தி நிழலில் வைத்தால் சார்ஜர் மாற்றாமலே வேகம் கூடும். கம்பியில்லாச் சார்ஜரை வாகனத்தில் வைக்க நினைப்பவர்களுக்கும் இதே பிரச்சினை, இன்னும் மோசமாக. அதில் வீணாகும் வலு நேரே போனின் முதுகில் சூடாகிறது.

குழி பற்றிச் சொல்ல மிச்சம் இருந்தது. செருகியின் நுனி ஒரு சுருள்வில்லின் பலத்தில் மட்டுமே உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது. வீதியில் ஒரு பள்ளம், ஒரு கணம் தொடர்பு விடுகிறது. உடனே ஒட்டிக்கொண்டாலும், போனும் சார்ஜரும் முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். சில போன்கள் இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் உயர் வேகத்தை விட்டுவிட்டு 5 வோல்ற்றிலேயே தங்கிவிடும். முச்சக்கரவண்டிகளில் துளையே பின்னால் பொருத்தியது. யாரோ ஒரு மெல்லிய வயரை முன்விளக்கு வயரோடு முறுக்கி இன்சுலேசன் டேப் சுற்றியிருப்பார்கள். அந்த முறுக்கு கறுத்திருந்தால் அங்கேயே ஒரு வோல்ற்று போகிறது. சிறந்த சார்ஜர் வாங்குவதற்கு முன் அதை அவிழ்த்துப் பார்ப்பது புத்தி.

கடையில் நிற்கும்போது செய்யக் கூடியது ஒன்றிருக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் இடையே செருகும் விரல் அளவான மீற்றர் புறக்கோட்டையிலேயே கிடைக்கிறது. வோல்ற்றும் அம்பியரும் காட்டும். போனில் 80 வீதத்துக்கு மேல் இருக்கும்போது பார்க்க வேண்டாம், அப்போது எந்தச் சார்ஜரிலும் போன் தானாகவே மெதுவாக்கிவிடும். 30, 40 வீதத்தில் பாருங்கள். திரையில் 5.0ஐச் சுற்றி 0.5 என்று நின்றால் போனும் சார்ஜரும் பேசிக்கொள்ளவில்லை. 9ஐச் சுற்றி 1.5, 2 என்று வந்தால் பேசிவிட்டார்கள், காசு கொடுக்கலாம்.

அப்படிப் பேசும் சார்ஜரைக் காரில் வைத்திருக்கிற பல வீடுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. 2019இல் வந்த ஐபோன் 11 தன் பெட்டியில் கொண்டுவந்தது 5 வாற்றுச் சுவர்ச் சார்ஜர். அதற்கடுத்த வருடம் அப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரையே எடுத்துவிட்டது. 2021இல் சாம்சங்கும் அதன் உயர்ரகப் போன்களில் அப்படியே செய்தது. எனவே அந்தப் பழைய வெள்ளைக் கட்டி இன்றும் எத்தனையோ படுக்கையறைச் சுவர்களில் இருக்கிறது. ஐபோன் 11ஐ அதில் பாதி நிரப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். காரின் பன்னிரண்டு வோல்ற்றுக் குழியில், பவர் டெலிவரி பேசும் 20 வாற்றுச் சார்ஜரில், அரை மணித்தியாலம் போதும்.